எலும்பைத் தொட்டுக் காட்டுங்க

"கிளிப் சரிஞ்சுபோச்சு. தலையணை இருந்த இடத்துலயே இருக்கு. இப்ப நான் கிளிப்பையே தொட்டு, எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டா, ஆந்தை என்ன சொல்லும்?"

சித்தி இதை என்னிடம் கேட்டபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீளத் தலையணை. அதன் ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டியிருந்தாள். எதிர் அலமாரியில் என் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை விரித்து வைத்திருந்தாள். அதுதான் ஆந்தை. எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தலையை ஆட்டிப் பார்த்தேன்.

"யோசி வாலு," என்றாள். ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். நான் யோசிக்கவில்லை. கண்ணாடியைக் காணோம் என்று அம்மா கத்தினாள், எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் பிறகு தெரிந்தது. தெரிந்த விதத்தைத்தான் எழுதுகிறேன். மெஷின்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்குள் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. உடைந்த எலும்புக்கோ நகர்ந்த முதுகெலும்புக்கோ டாக்டர் ஸ்க்ரூ வைக்கும்போது, வளைந்த கை போன்ற ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து மேஜைக்கு மேலும் கீழுமாக நிறுத்துவாள். டாக்டர் "படம்" என்றதும் பெடலை மிதிக்க வேண்டும். படம் திரையில் வரும். ஸ்க்ரூ எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு டாக்டர் இன்னும் கொஞ்சம் திருகுவார். மறுபடி "படம்".

"போட்டோ ஸ்டூடியோ வேலைதான்," என்பாள் சித்தி. "என்ன, கொஞ்சம் சிரிங்கன்னு சொல்ல முடியாது."

ஒவ்வொரு படத்துக்கும் கதிர் வெளியே சிதறும். உடம்பில் படக்கூடாது என்பதற்காக அந்த அறையில் எல்லோரும் ஈயம் வைத்த கோட்டுப் போட்டுக்கொள்வார்கள். டாக்டர்கள் அவரவர் ஆபரேஷன் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சித்தி காலையில் மாட்டினால் வேலை முடியும் வரை மாட்டியபடியேதான். ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பது போல. வார்டு பையன்கள் அவளுக்கு "ஈயம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அவள் நிஜப்பெயரைச் சொல்லித் தேடினால் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு ஆளே தெரியாது.

அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்.

"காலைல இருந்து ஈயத்தச் சுமக்கறேன் அக்கா. வீட்டுக்கு வந்து ஒரு ஆளையும் சுமக்கணுமா?"

"எல்லா ஆளும் சுமைதான்னு யாருடி சொன்னா?"

"உன்னப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்." அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரிப்பார்.

கோட்டின் பாரம் இடுப்பில் இறங்கியது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. சித்தி சமையல் மேடையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்தபடி டீ குடிக்க ஆரம்பித்தாள். குனிந்தால் வலி குறையும் என்றாள். கடைக்குப் போனால் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொள்வாள். நாங்கள் அதை ஒரு பழக்கம் என்று நினைத்தோம்.

அப்போதுதான் தியேட்டருக்குப் புது மெஷின் வந்தது.

அதை அவள் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். இடுப்பெலும்பில் ஒரு கம்பியை அடித்து நிறுத்துவார்கள். கம்பியின் நுனியில் நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் பளபளவென்று ஒரு சின்னப் பந்து. அதற்கு நட்சத்திரம் என்று பெயர். மேஜையின் கால்மாட்டில் ஒரு கேமரா நிற்கும். இரண்டு பெரிய கண். அதுதான் ஆந்தை. ஆந்தைக்குத் தெரிவதெல்லாம் பளபளக்கும் பந்துகள் மட்டும். முதலில் எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள், மெஷின் தானே சுற்றி வந்து முதுகெலும்பு முழுவதையும் ஸ்கேன் எடுக்கும். அதன்பின் டாக்டர் கையில் பிடிக்கும் கருவிகளிலும் அதே பந்துகள். கருவியின் முனை எலும்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஆந்தை பார்த்துத் திரையில் காட்டும்.

"பஸ் எங்க வருதுன்னு போன்ல பாக்கறோம்ல, அதுதான்," என்றாள் சித்தி. "ரோட்டுக்குப் பதிலா எலும்பு."

முன்பெல்லாம் முதுகை நீளமாகத் திறந்து, சதையை ஒதுக்கி, எலும்பைக் கண்ணால் பார்த்து ஸ்க்ரூ வைப்பார்கள். இப்போது விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன வெட்டு. சதை அதிகம் அறுபடாது, ரத்தம் அதிகம் போகாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் அந்த வெட்டு வழியாக எலும்பு தெரியாது. திரைதான் கண்.

கதிர் வெளியே வருவது ஸ்கேன் எடுக்கும்போது மட்டும் என்பதால் கோட்டுக்கு வேலையில்லை. சித்தி அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கூடத்தில் நின்று கைகளை வீசிப் பார்த்தாள். "தோள் ரெண்டும் எங்கயோ விழுந்துபோச்சு அக்கா, தேடிக் குடு," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று மெஷினை ஓட்டும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து தலையணை, கிளிப், மூக்குக்கண்ணாடி வைத்து எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தினாள்.

அந்த மெஷினில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆந்தைக்கு நோயாளி தெரியாது. நட்சத்திரம்தான் நோயாளி என்று அது நம்புகிறது. யாருடைய முழங்கையாவது இடித்து நட்சத்திரம் கொஞ்சம் சரிந்தால், உள்ளே எலும்பு நகராமல் இருந்தாலும், நகர்ந்துவிட்டதாகவே ஆந்தை கணக்குப் போடும். திரையில் படம் முன்பு போலவே தெளிவாக இருக்கும். கலங்காது, சிவப்பு விளக்கு எரியாது. படம் தெளிவாக இருக்கும், இடம் மட்டும் தப்பாக இருக்கும்.

அதனால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் சித்தி ஒரு வார்த்தை சொல்வாள்: "தொட்டுக் காட்டுங்க." டாக்டர் குச்சி போன்ற கருவியின் முனையால், தனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைத் தொட வேண்டும். திரையும் அதே இடத்தைக் காட்டினால் மேலே போகலாம். அந்தத் தியேட்டரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "ஈயம்மா கேட்டா நான் என் மூக்கக்கூட தொட்டுக் காட்டணும்," என்று பெரிய டாக்டர் அலுத்துக்கொள்வாராம். அலுத்துக்கொண்டே தொடுவார்.

ஆனால் முதுகு ஏற்கனவே கெட்டுவிட்டிருந்தது. வலி வலது காலுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரிப் படியில் கால் மரத்து விழுந்தாள். ஸ்கேன் எடுத்ததில் இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு அடுத்ததன் மேலிருந்து முன்னால் வழுக்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். கொஞ்சம் நின்றாலே வலது காலில் தீப்பிடித்தது போல எரியும் என்றாள். கடைசியில் திரையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்க ஆரம்பித்தாள்.

"கொக்கு மாதிரி நிக்கறீங்க," என்றார் பெரிய டாக்டர். "படுங்க. ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம்."

"நம்ம மெஷின்லயா டாக்டர்?"

"வேற யார் மெஷின்ல? ஊரெல்லாம் படுக்க வெச்சோம், நீங்க படுக்க மாட்டீங்களா?"

நானும் அம்மாவும் கூட இருந்தோம். சித்தி சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "நான் திரும்ப அந்த ஸ்க்ரீன் முன்னாடி நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"நிப்பீங்க," என்றார் அவர்.

அவள் படுத்தால் மெஷினை யார் ஓட்டுவது? கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறையில் ஒருவர் இருந்தார். சித்தி அவரை ஸ்கேன் அண்ணே என்பாள், எனக்கு ஸ்கேன் மாமா. பருத்த உடம்பு, மெல்லிய குரல். சித்தி லீவு போடும் நாட்களுக்காக அவரையும் பழக்கி வைத்திருந்தாள். அவர் நன்றாகவே ஓட்டுவார், ஆனால் பயந்துகொண்டே ஓட்டுவார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மதியம் பெரிய டாக்டர் பார்க்க வந்தார். கூடவே ஸ்கேன் மாமாவும் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"என்னண்ணே, உங்களுக்குத்தான் நாளைக்கு ஆபரேஷன்னு நெனச்சேன், முகத்தப் பாத்தா," என்றாள் சித்தி.

"உனக்கென்னம்மா, மயக்க மருந்து குடுத்துடுவாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

எல்லோரும் சிரித்தோம். அவர்கள் கிளம்பும்போது சித்தி கூப்பிட்டாள். "அண்ணே, தொட்டுக் காட்டச் சொல்ல மறந்துடாதீங்க."

"அத மறப்பேனாம்மா?"

சித்தி மறுபடி வாயைத் திறந்தாள். பெரிய டாக்டர் கதவில் கை வைத்தபடி திரும்பி நின்றார். "இன்னும் என்ன ஈயம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த "ஒண்ணுமில்ல" என் காதில் சாதாரணமாகத்தான் விழுந்தது.

மறுநாள் ஆபரேஷன் சொன்ன நேரத்துக்குள்ளேயே முடிந்தது. பெரிய டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்து, நன்றாக முடிந்தது, ரத்தமே போகவில்லை என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மயக்கம் தெளிந்ததும் சித்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கால் எரிச்சல் இல்லை என்றாள். பிறகு நர்ஸ் வந்து இரண்டு பாதத்தையும் மேலே மடக்கச் சொன்னாள். இடது பாதம் மடங்கியது.

"வலது," என்றாள் நர்ஸ்.

"மடக்கறேனே."

நர்ஸ் குனிந்து வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாலு," என்றாள் சித்தி, "போர்வை கனமா இருக்கு. எடு."

"எடுத்துட்டேன் சித்தி."

அவளால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் வேகமாக வெளியே போனாள், ஓடவில்லை. ஓடாமல் வேகமாகப் போகும் நடை அது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தால் அதன் அர்த்தம் தெரிந்துவிடும்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடதுபக்க ஸ்க்ரூக்கள் எலும்புக்குள் சரியாக இருந்தன. வலதுபக்கம் ஒன்று உள்ளே சாய்ந்து, எலும்பின் சுவரைத் தாண்டி, பாதத்தைத் தூக்கும் நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றே மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஸ்க்ரூவை எடுத்து, இந்த முறை முதுகைத் திறந்து எலும்பைக் கண்ணால் பார்த்து வேறு ஒன்று வைத்தார்கள். நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, திரும்பலாம் என்றார் பெரிய டாக்டர். "திரும்பும்" என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபி பெண் தினமும் வந்தாள். பாதத்தில் மின்சாரம் வைத்தாள், துணியைக் கட்டி இழுக்கச் சொன்னாள். சித்தி பாதத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, "எந்திரி, எந்திரி" என்பாள். "அப்படியே உன்ன மாதிரி வாலு. சொன்ன பேச்சு கேக்காது," என்பாள். பாதம் தொங்கியே கிடந்தது. நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கி வைப்பாள், பாதம் தரையில் பட்டென்று விழும். மாடியறையைக் காலி செய்து கீழே கட்டில் போட்டோம்.

ஸ்கேன் மாமா வெகுநாள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தார்.

"திட்டு தங்கச்சி," என்றார். "திட்டிடு. இப்படிச் சும்மா இருக்காத."

"எப்படி நகர்ந்துச்சு?" என்றாள் சித்தி.

"இடது பக்கம் முடிஞ்சு வலது பக்கம் மாறும்போது கூட நின்ன சின்ன டாக்டர் கையில இருந்த ரத்தம் உறிஞ்சற குழாய் நட்சத்திரத்துல மாட்டிச்சு. லேசாத்தான் இழுத்துச்சு. உன் எலும்பு மெத்துன்னு இருந்திருக்கு, கம்பி உள்ளயே திரும்பிக்கிச்சு. எங்க யாருக்கும் தெரியல."

"தொட்டுக் காட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. என் பொண்ணு மேல ஆணையா சொன்னேன். டாக்டரும் தொட்டாரு. அச்சு மாதிரி இருந்துச்சு. ஒரு முடி அளவு மாறல."

"எங்க தொட்டார்?"

ஸ்கேன் மாமா அவளைப் பார்த்தார். "குழிலதான்."

நட்சத்திரத்தின் அடித்தண்டில் ஒரு சின்னக் குழி உண்டு. கருவியின் முனை வளையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. முனையை அதில் வைத்தால் திரை "சரி" என்று காட்டும். ஆனால் குழி நட்சத்திரத்தோடு ஒட்டியது. நட்சத்திரம் சரிந்தால் குழியும் சேர்ந்தே சரியும். எலும்பு அங்கேயே இருக்கும், குழி நகர்ந்திருக்கும், திரை மட்டும் "சரி" என்றே சொல்லும். தலையணையை விட்டுவிட்டுக் கிளிப்பையே தொட்டால் ஆந்தை என்ன சொல்லும் என்று சித்தி கேட்டாளே, பதில் இதுதான்.

"எலும்பத் தொடணும்ணே," என்றாள் சித்தி. அவள் குரல் உயரவில்லை.

"நீயும் குழிலதானம்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். டீயைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் சித்தி. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், பிறகு என்னைப் பார்த்து. "குழில தொட்டாப் போதும்ணேன்னு நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்."

ஆரம்பத்தில் எலும்பைத்தான் தொடச் சொன்னாளாம். சின்ன வெட்டு வழியாக முனையை விட்டு எலும்பின் விளிம்பைத் தேடிப் பிடிக்க நேரமாகும். வரிசையாக ஆபரேஷன் இருக்கும் நாட்களில், வெளியே அடுத்த நோயாளி படுத்திருக்கும்போது, பெரிய டாக்டர் ஒருநாள் முனையைக் குழியில் வைத்து "இதோ, தொட்டாச்சு" என்றிருக்கிறார். சித்தியும் "சரி" என்றிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த முறையும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேன் மாமாவைப் பழக்கும் சமயத்தில் எலும்பைத் தொடுவது நின்றே போய்விட்டது. "தொட்டுக் காட்டுங்க" என்ற வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது.

அம்மாவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "உனக்குத்தான் தெரியுமேடி. அன்னைக்கு ஆஸ்பத்திரில அண்ணன் கால்மாட்டுலதான நின்னாரு. எலும்பத் தொடச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு அக்கா. டாக்டர் கதவுகிட்ட நின்னார். மத்தவங்களுக்கெல்லாம் குழி போதும், எனக்கு மட்டும் எலும்பா? அத அவர் முன்னாடி எப்படிச் சொல்றது?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூச்சமா இருந்துச்சு."

ஸ்கேன் மாமா அழுதார். பெரிய உடம்பு குலுங்கியது. சித்தி அழவில்லை. அவள் கை வலது முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தது.

சில வாரம் கழித்துப் பெரிய டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் பழப்பை. தயங்கித் தயங்கிப் பேசினார். ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். எலும்பு மென்மையாக இருந்தது, மெஷினை ஓட்டியவருக்கு அனுபவம் குறைவு, இந்த இரண்டையும் எழுதி முடித்துவிடப் போகிறார்கள். ஸ்கேன் மாமாவை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

"உங்களுக்கு ஒண்ணும் வராது," என்றார். "நிர்வாகத்துல பேசிட்டேன். நிக்க வேண்டாம். உயரமா ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லியிருக்கேன். ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்தே ஓட்டலாம். வந்துடுங்க ஈயம்மா."

சித்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியும். அந்த ஸ்டூலில் அவள் மனதுக்குள் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டாள்.

"விசாரணைக்கு நானும் வரலாமா டாக்டர்?"

"நீங்க எதுக்கு?"

"பேஷண்ட்டு நான்தானே."

அவர் போன பிறகு அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன்டி, பேசாம இருந்துடேன். ஸ்டூல் குடுக்கறாங்கல்ல?"

"அண்ணன்?"

"அவருக்கு வேற எங்கயாவது கெடைக்கும்."

"கெடைக்கும். அங்க போய் அவரு இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் குடுப்பார், குழில தொட்டாப் போதும்னு."

விசாரணை நடந்த அறையில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடும் ஏசி. சித்தி ஊன்றுகோலோடு, காலில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையோடு வந்திருந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். தலைமை நிர்வாகி, வயதான வேறொரு டாக்டர், பெரிய டாக்டர், ஓரத்தில் ஸ்கேன் மாமா. அவர் கசங்காத சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எல்லோரும் பேசி முடித்த பிறகு சித்தி நாற்காலியிலிருந்த திண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பையிலிருந்து அந்தக் கிளிப்பை எடுத்து மாட்டினாள். பிறகு ஒரு விரலால் கிளிப்பைக் கொஞ்சம் சரித்தாள்.

"இது நான்," என்றாள் திண்டைக் காட்டி. "இது நட்சத்திரம். சரிஞ்சுபோச்சு. இப்ப நட்சத்திரத்தையே தொட்டு, சரியா இருக்கான்னு கேட்டா மெஷின் என்ன சொல்லும்?"

நிர்வாகிக்கு விளங்கவில்லை. வயதான டாக்டர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"சரின்னு சொல்லும்," என்றார் பெரிய டாக்டர். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் காது சிவந்திருந்தது. "அந்தக் குழியத் தொட்டது நான்தான். அதுக்கு முன்னாடியும் நான்தான் தொட்டேன்."

"போதும்னு சொன்னது நான்," என்றாள் சித்தி. "அண்ணன் நான் சொல்லிக் குடுத்தத அப்படியே செஞ்சார். ஒரு எழுத்து மாத்தல."

"உங்களுக்கு இது தப்புன்னு தெரியுமா?" என்று கேட்டார் நிர்வாகி.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"ஆமா."

அதை அவர் எழுதிக்கொண்டார். பேனா நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்டூல் போய்விட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. சித்திக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஸ்கேன் மாமாவை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் எலும்பைத் தொட வேண்டும், எலும்பு பிடிபடாவிட்டால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பெரிய டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள் என்று கேள்வி. தெரிந்தே செய்தவள் என்பதால் சித்தியைத் தியேட்டர் பக்கம் விடவில்லை. கீழே, நாள் குறித்துக் கொடுக்கும் இடத்தில் போன் எடுக்கும் வேலை. "வணக்கம், எந்த டாக்டரப் பாக்கணும்?" என்று நாள் முழுக்கச் சொல்கிறாள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. அவள் போவதில்லை.

பாதம் திரும்பவில்லை. முதலில் எல்லாம் "இன்னும் நாள் இருக்கு" என்று பிசியோதெரபி பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். பிறகு வருவதையும். கூடத்தைத் தாண்டிச் சித்தி சமையலறைக்குப் போகும்போது அந்தப் பட்டென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவதில்லை, கூட்டினால் ஏன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த உயரமான ஸ்டூலைச் செய்து கொண்டுவந்து விட்டார்களாம். திரைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. யாரோ பழைய ஈயக் கோட்டை மடித்து அதன் மேல் போட்டிருக்கிறார்கள் என்று ஸ்கேன் மாமா சொன்னார். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவும் தொட்டுக் காட்டுங்கன்னுதான் சொல்றீங்களா அண்ணே?" என்று கேட்டாள் சித்தி.

"இல்லம்மா. எலும்பத் தொட்டுக் காட்டுங்கன்னு சொல்றேன்."

"டாக்டர் அலுத்துக்கறாரா?"

"இல்ல. சத்தமே போடறதில்ல."

சித்தி தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து ஏதோ பார்ப்பது போல இருந்தாள்.

இந்த மெஷின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சித்தியே அடிக்க வருவாள். அந்த மேஜையில் படுத்து எழுந்து நடந்து போனவர்கள் நிறையப் பேர். சிலர் இன்றும் அவளுக்கு போன் செய்கிறார்கள், குழந்தையைத் தூக்கினேன், படி ஏறினேன் என்கிறார்கள். இதே மாதிரி ஆந்தை வேறு பல ஆஸ்பத்திரிகளிலும் நிற்கும். அதன் நட்சத்திரத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குழி இருக்கும். வெளியே அடுத்த நோயாளி படுத்திருப்பார். எங்கள் ஊர்த் தியேட்டரில் போட்ட விதி அங்கே போயிருக்காது.

உங்கள் வீட்டில் யாராவது முதுகு ஆபரேஷனுக்குப் படுக்கப் போகிறார் என்றால், முதல்நாள் டாக்டரிடமோ மெஷினை ஓட்டுகிறவரிடமோ, "தொட்டுப் பாக்கும்போது எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். தியேட்டரில் வேலை பார்க்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், இதைப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடாமல் அவரிடம் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்று சொன்னால் ஒரு தலையணையையும் ஒரு கிளிப்பையும் எடுத்துக்கொண்டு போய், சித்தி என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்.